அயர்லாந்திலிருந்து வந்த மூதாதையைத் தேடுவது எப்படி: ஒரு பழைய பத்திரப்பதிவு எழுத்தரின் வழி

“1740 வாக்கில் அயர்லாந்திலிருந்து மூன்று சகோதரர்கள் கப்பலில் வந்தார்கள். ஒருவர் பென்சில்வேனியாவில் தங்கினார், ஒருவர் தெற்கே போனார், மூன்றாமவரைப் பற்றித் தகவல் இல்லை.” என் சம்பந்தியம்மா பிஸ்கட் டப்பாவிலிருந்து எடுத்துக் கொடுத்த காகிதத்தில் இவ்வளவுதான் இருந்தது. அவருடைய மாமியார் எழுதி வைத்தது. பேத்திக்குப் பள்ளியில் குடும்ப மரம் வரைந்துவரச் சொல்லியிருந்தார்கள். எங்கள் பக்கத்துக் கிளைகளில் பெயர் எழுத இடம் போதவில்லை. அவள் அப்பா பக்கம் ஐந்து தலைமுறைக்கு மேல் வெற்றுக் காகிதம். நான் மகள் வீட்டில் ஆறு மாதம் தங்க வந்தவன். முப்பத்தோரு ஆண்டுகள் பத்திரப்பதிவு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவன். பழைய காகிதத்தைக் கண்டால் கை சும்மா இருக்காது.

அந்த ஆறு மாதம் மூன்று ஆண்டாக நீண்டுவிட்டது. இடையில் ஊருக்குப் போய்ப் போய் வந்தேன். என்னைப் போல அமெரிக்கக் குடும்பத்தில் சம்பந்தம் செய்துகொண்டவர்களும், அங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்காகத் தேடுகிறவர்களும் இன்று நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் செய்த வரிசையில் சொல்லாமல், செய்திருக்க வேண்டிய வரிசையில் சொல்கிறேன்.

முதலில், வீட்டுக் கதையை வெட்டிப் பாருங்கள்

கதையைப் பொய் என்று தள்ளவேண்டாம். மனுவில் எழுதியிருப்பதைப் போல வைத்துக்கொள்ளுங்கள்; விசாரித்த பிறகே தீர்ப்பு. ‘மூன்று சகோதரர்கள்’ என்பது இந்த நாட்டில் பாதி வீடுகளில் சொல்லப்படும் கதை. ‘உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் வந்தார்’ என்றால் அது 1845க்குப் பிறகு. ‘எல்லிஸ் தீவில் அதிகாரி பெயரை மாற்றிவிட்டார்’ என்பார்கள். நியூயார்க் துறைமுகத்தில் இருக்கும் அந்தக் குடியேற்ற நிலையம் திறந்ததே 1892இல். 1740இல் வந்தவருக்கு இரண்டுமே பொருந்தாது.

அந்தக் காலத்தில் வந்தவர்களில் பெரும்பாலோர் அயர்லாந்தின் வடக்கே அல்ஸ்டர் மாகாணத்துப் பிரஸ்பிட்டேரியர்கள், புராட்டஸ்டன்டு கிறிஸ்தவர்களில் ஒரு பிரிவினர். 17ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்திலிருந்து அங்கே குடியேறியவர்களின் வழிவந்தோர். ஸ்காட்ச்-ஐரிஷ் என்று இன்று சொல்கிறோம். அன்றைய எழுத்தர் ‘ஐரிஷ்’ என்று மட்டும்தான் எழுதியிருப்பார். அவர்கள் ஏன் கிளம்பினார்கள் என்பது தேடலுக்கு உதவும். குத்தகைக் காலம் முடிந்ததும் நிலச்சுவான்தார்கள் குத்தகைத் தொகையை ஏற்றினார்கள். 1704ஆம் ஆண்டுச் சட்டம் பிரஸ்பிட்டேரியர்களை அரசுப் பதவிகளிலிருந்து விலக்கியது. 1727 முதல் 1729 வரை விளைச்சல் பொய்த்தது. 1740–41இல் பெரும் உறைபனியும் அதைத் தொடர்ந்து பஞ்சமும். 1770களின் தொடக்கத்தில் லினன் துணி வியாபாரம் படுத்தது. வந்த ஆண்டு தோராயமாகத் தெரிந்தால், இவற்றில் எந்த அலையில் வந்தார் என்று ஊகிக்கலாம். கத்தோலிக்கர்களும் வந்தார்கள், பெரும்பாலும் ஊழிய ஒப்பந்தத்தில், அதாவது கப்பல் கூலிக்கு ஈடாகச் சில ஆண்டு உழைத்துத் தருகிறேன் என்று எழுதிக்கொடுத்து. அவர்கள் பெருகிவிடக் கூடாது என்று மேரிலாந்து 1704இலேயே ஓர் ஐரிஷ் ஊழியருக்கு 20 ஷில்லிங் வரி போட்டது.

கப்பல் பட்டியலைத் தேடி அலையாதீர்கள்

நான் முதல் ஆறு வாரத்தைத் தொலைத்தது இங்கேதான். சம்பந்தியம்மா தினமும் காலையில் காப்பியோடு வந்து “கப்பல் பெயர் கிடைத்ததா?” என்று கேட்பார். எனக்கும் ஆசை. ஆனால் அமெரிக்க அரசு பயணிகள் பட்டியலைக் கேட்டு வாங்கத் தொடங்கியது 1820இல். பிலடெல்பியாவில் 1727 முதல் பட்டியல்கள் உண்டுதான். அவை ஜெர்மானியர் போன்ற அயலாருக்கானவை. பிரிட்டிஷ் மன்னருக்கு விசுவாச உறுதிமொழி எடுக்க வேண்டியிருந்ததால் அவர்கள் பெயரை எழுதினார்கள். அயர்லாந்துக்காரர் ஏற்கெனவே அந்த மன்னரின் குடிமக்கள். திண்ணையிலிருந்து கூடத்துக்கு வந்தவனை யார் பதிவு செய்வார்கள்?

விதிவிலக்குகள் சில உண்டு. பிலடெல்பியா மேயர் அலுவலகத்தில் 1745–46க்கும் 1771–73க்கும் ஊழிய ஒப்பந்தப் பதிவேடுகள் தப்பியிருக்கின்றன. யார், யாரிடம், எத்தனை ஆண்டுக்கு என்பது அவற்றில் இருக்கும். வர்ஜீனியாவின் ஆரஞ்சு கவுண்டி (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்றது) நீதிமன்றத்தில் 1740இல் பலர் வரிசையாக வந்து, “அயர்லாந்திலிருந்து பிலடெல்பியாவுக்கும் அங்கிருந்து இந்தக் காலனிக்கும் என் சொந்தச் செலவில் வந்தேன்” என்று சத்தியம் செய்தார்கள். ஆளுக்கு 50 ஏக்கர் உரிமை கிடைக்கும் என்பதால் மனைவி மக்கள் பெயரையும் சொன்னார்கள். தென் கரோலினா 1761 முதல் 1768 வரை ஏழைப் புராட்டஸ்டன்டுகளின் பயணச் செலவை அரசே கொடுத்தது; பணம் கொடுத்த இடத்தில் பெயர் இல்லாமல் இருக்குமா? ஆளுநர் ஆலோசனை மன்றக் குறிப்பேடுகளில் அவர்கள் பெயர்கள் இருக்கின்றன. உங்கள் மூதாதை குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் என்றால் யோகம்தான்: அயர்லாந்தில் எந்தச் சபையிலிருந்து புறப்பட்டார் என்ற சான்றிதழைக் கையோடு கொண்டுவந்து இங்குள்ள சபையில் கொடுத்திருப்பார், அதை அவர்கள் நிகழ்ச்சிக் குறிப்பில் எழுதி வைத்திருப்பார்கள்.

ஊழியராக வந்து முதலாளியிடமிருந்து ஓடிப்போனவர் என்றால், பென்சில்வேனியா கெசட்டில் விளம்பரம் வந்திருக்கலாம். 1729 முதல் பெஞ்சமின் பிராங்க்ளின் நடத்திய பத்திரிகை அது. உயரம், தலைமுடியின் நிறம், அணிந்திருந்த சட்டை, பேச்சில் ஐரிஷ் வாடை அடிக்கிறதா என்பது வரை எழுதியிருப்பார்கள். ஓர் ஏழையின் உருவம் 18ஆம் நூற்றாண்டிலிருந்து இவ்வளவு தெளிவாகக் கிடைப்பது அவன் ஓடியதால்தான். ஓடிப்போன தாத்தாவைக் கண்டு வெட்கப்படாதீர்கள்.

கப்பலைப் பற்றி ஒரே ஒரு விஷயம் உபயோகமானது. அயர்லாந்தில் லினன் நூல் மெலிதாக வரவேண்டும் என்று ஆளிச்செடியை விதை முற்றும் முன்பே பிடுங்கிவிடுவார்கள். அதனால் விதைப்புக்கு வேண்டிய ஆளிவிதை பிலடெல்பியா போன்ற துறைமுகங்களிலிருந்து குளிர்காலத்தில் போகும். அதே கப்பல்கள் திரும்பும்போது இடம் காலி. அதில் ஆட்களை ஏற்றினார்கள். டெர்ரி, பெல்பாஸ்ட், நியூரி, லார்ன் துறைமுகங்களிலிருந்து பிலடெல்பியா, நியூகாஸில் வரை. 1737இல் தொடங்கிய பெல்பாஸ்ட் நியூஸ்-லெட்டரில் இந்தக் கப்பல்களின் விளம்பரங்களைப் பார்க்கலாம். வரக்கூடிய கப்பல்கள் எவை என்று தெரியும். உங்கள் ஆள் எதில் வந்தார் என்று தெரியாது. இதைச் சொன்ன அன்று சம்பந்தியம்மா காப்பியைக் கொஞ்சம் ஓசையோடுதான் வைத்தார்.

நிலம் பேசும்

வில்லங்கம் பார்த்திருப்பவர்களுக்கு இந்தப் பகுதி எளிது. இன்று கையில் இருக்கும் பத்திரத்திலிருந்து மூலப் பத்திரத்துக்குப் பின்னோக்கிப் போகிற அதே வேலை. மாப்பிள்ளையிலிருந்து அவர் அப்பா, அவர் அப்பா என்று ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு காகிதம் வேண்டும். பென்சில்வேனியாவில் மாநில அளவில் பிறப்பு இறப்புப் பதிவு தொடங்கியதே 1906இல். அதற்கு முன்னே மக்கள்தொகைக் கணக்கு, கல்லறை, தேவாலயம் என்று போகலாம். 1790இன் முதல் கணக்கெடுப்புக்கு அப்பால் நிலமும் வரியும் உயிலும்தான் கைகொடுக்கும்.

முதலில் கவுண்டியின் வரலாற்றைத் தெரிந்துகொள்ளுங்கள். செஸ்டர் கவுண்டியைப் பிரித்து 1729இல் லங்காஸ்டர். லங்காஸ்டரைப் பிரித்து 1749இல் யார்க், 1750இல் கம்பர்லாண்ட். மாவட்டத்தைப் பிரித்தால் பழைய ஆவணம் எந்த அலுவலகத்தில் இருக்கும் என்ற தலைவலி நமக்குத் தெரியாததா? ஒரே பண்ணையில் அசையாமல் உட்கார்ந்திருந்தவர் மூன்று கவுண்டிகளின் ஏடுகளில் வருவார். அவர் இடம் மாறினார் என்று எண்ணி ஏமாறாதீர்கள்.

பென்சில்வேனியாவில் அன்று நிலம் முழுவதும் காலனியின் உரிமையாளர்களான பென் குடும்பத்தின் உடைமை. ஒருவர் நிலம் வேண்டுமென்று விண்ணப்பிப்பார். பிறகு ‘வாரண்ட்’ கிடைக்கும். பயப்படாதீர்கள், கைது செய்ய இல்லை. நிலத்தை அளக்கச் சொல்லும் ஆணை. பிறகு சர்வே. கடைசியில் முழுப் பணமும் கட்டினால் ‘பேட்டன்ட்’, நம் பட்டாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி. 1732க்குப் பிறகு விலை 100 ஏக்கருக்கு 15 பவுண்டு 10 ஷில்லிங். அதற்கு மேல் ஏக்கருக்கு ஆண்டுதோறும் அரைப் பென்னி தீர்வை. 1765இல் விலையை 5 பவுண்டாக இறக்கினார்கள். கைக்காசு இல்லாதவர்கள் வாரண்டோடு நின்றுவிடுவார்கள். பேட்டன்ட் மகன் பெயரிலோ, நிலத்தை வாங்கிய மூன்றாம் ஆளின் பெயரிலோ நாற்பது ஆண்டு கழித்து இருக்கும். ஆகவே பேட்டன்ட் அட்டவணையில் பெயர் இல்லை என்று கையை விரிக்காதீர்கள்.

வாரண்ட் பதிவேடுகள் கவுண்டி, பெயரின் முதல் எழுத்து, தேதி என்ற வரிசையில் இருக்கும். ஹாரிஸ்பர்க்கில் உள்ள மாநில ஆவணக் காப்பகம் அவற்றை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. வாரண்டில் எல்லோரும் தேதியையும் ஏக்கரையும் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். நான் பார்த்தது வேறு. ‘வட்டியும் தீர்வையும் இன்ன நாள் முதல்’ என்று ஒரு வரி சிலவற்றில் இருக்கும். வாரண்டின் தேதிக்குப் பல ஆண்டு முந்தைய நாள் அங்கே இருந்தால், அந்த ஆள் அப்போதே அனுமதியில்லாமல் அங்கே குடிசை போட்டு உழுதுகொண்டிருந்தார் என்று பொருள். எங்கள் ஆள் வாரண்டு வாங்கும் முன் ஆறு ஆண்டு புறம்போக்கில் இருந்திருக்கிறார். எனக்கு அவரை அன்றுதான் பிடித்துப்போயிற்று. மாகாணச் செயலாளராயிருந்த ஜேம்ஸ் லோகன் இவர்களைப் பற்றிப் புலம்பியிருக்கிறார். அவரே அல்ஸ்டரில் பிறந்தவர் என்பது தனி வேடிக்கை.

அந்தப் புறம்போக்கு யாருடையது என்பதையும் சொல்லியாக வேண்டும். சஸ்குவஹானா ஆற்றுக்கு மேற்கே இருந்த அந்த நிலத்தை 1736இல் பூர்வகுடிகளின் ஆறு நாடுகள் கூட்டமைப்பிடமிருந்து பென் குடும்பம் எழுதி வாங்கியது. அங்கே வாழ்ந்துகொண்டிருந்த ஷானி, லெனாபே என்ற வேறு பூர்வகுடி மக்கள் அந்த விற்பனையில் கட்சிக்காரர்களாக இல்லை. உடைமையில் இருப்பவன் ஒருவன், எழுதிக் கொடுப்பவன் வேறொருவன். என் வேலைக்காலத்தில் இப்படிப்பட்ட பத்திரங்கள் கடைசியில் எங்கே போய் நின்றன என்பதைப் பார்த்திருக்கிறேன். இங்கே 1755இல் அது போராக வெடித்தது. கம்பர்லாண்ட் குடும்பங்கள் பல கிழக்கே ஓடின. அந்த ஆண்டுகளில் உங்கள் மூதாதையின் பெயர் ஏடுகளில் காணாமல் போனால் காரணம் இதுவாக இருக்கலாம்.

சர்வே வரைபடம் கிடைத்ததும் நான்கெல்லையைப் படியுங்கள். ‘வெள்ளை ஓக் மரத்தில் தொடங்கி, வடகிழக்கே இத்தனை பெர்ச், அங்கிருந்து ஒரு ஹிக்கரி மரம்’ என்று போகும். ஒரு பெர்ச் 16½ அடி. 160 சதுரப் பெர்ச் ஓர் ஏக்கர். சாலைக்கென்று நூற்றுக்கு ஆறு சேர்த்திருப்பார்கள். அளவைவிட முக்கியம், பக்கத்து நிலத்துக்காரர்களின் பெயர்கள். காடாயிருந்த இடத்தில் மனிதர்கள் தனியே போய் உட்காரவில்லை. உற்றார் உறவினரோடு, பழைய தேவாலயக்காரரோடு போனார்கள். மனைவியின் பிறந்த வீடு பெரும்பாலும் அந்த நான்கெல்லைக்குள்ளேயே இருக்கும். பக்கத்து நிலத்துக்காரர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு தாள் போட்டு, அவர்களது உயில்களையும் படியுங்கள். எங்கள் ஆளைப் பற்றி அவர் உயிலில் படித்ததைவிடக் கிழக்கு எல்லைக்காரரின் உயிலில்தான் அதிகம் கற்றேன்: “என் மகளின் கணவருக்கு” என்று அங்கே எழுதியிருந்தது.

கிரயப் பத்திரங்களுக்கு எழுதிக் கொடுத்தவர் அட்டவணை ஒன்று, எழுதி வாங்கியவர் அட்டவணை ஒன்று என்று ஒவ்வொரு கவுண்டியிலும் உண்டு. இரண்டையும் பாருங்கள். பத்திரம் எழுதிய அன்றே பதிவு செய்யவேண்டிய கட்டாயம் இல்லாததால், முப்பது நாற்பது ஆண்டு டிரங்குப் பெட்டியில் கிடந்துவிட்டு, பேரன் விற்கும்போது பதிவுக்கு வரும். ஆள் இறந்து ஐம்பது ஆண்டு வரையாவது அட்டவணையைப் புரட்டுங்கள். விற்றவரின் மனைவி கையெழுத்துப் போடும் வழக்கமும் இருந்தது, விதவைப் பங்கை விட்டுக்கொடுக்க. பெண்ணின் பெயர் காகிதத்தில் ஏறும் சில இடங்களில் இதுவும் ஒன்று. எங்கள் மூதாட்டியின் பெயரை இப்படித்தான் கண்டேன். கையெழுத்து இல்லை, இரண்டு வளைவுகள் கொண்ட ஒரு குறி, இருபக்கமும் எழுத்தர் ‘அவளது குறி’ என்று எழுதியிருந்தார். எத்தனை ஆயிரம் கைநாட்டு வாங்கியிருப்பேன் நான்! மை ஒற்றும் காகிதத்தைத் தேடிக் கை தானாக மேசைமேல் போயிற்று.

வரிப் பட்டியலில் கல்யாணம்

வரி ஏடுகளைச் சலிப்பு என்று ஒதுக்கிவிடுகிறார்கள். செஸ்டர் கவுண்டிப் பட்டியல்களில் வீட்டுக்காரர்களின் கீழே ‘சுதந்திர ஆண்கள்’ என்று தனிப் பட்டியல் இருக்கும். 21 வயது நிறைந்த, யாருக்கும் ஊழிய ஒப்பந்தத்தில் இல்லாத, மணமாகாத ஆண்கள். அவர்களுக்குத் தலைவரி. சொந்த வீடின்றிப் பிறர் நிலத்தில் குடியிருக்கும் மணமானவர்களை ‘உள்குடி’ என்ற பொருளில் வேறொரு தலைப்பில் எழுதினார்கள். எங்கள் ஆள் ஒரு பட்டியலில் சுதந்திர ஆணாக இருக்கிறார்; இரண்டு ஆண்டு கழித்து உள்குடியாக இருக்கிறார். கல்யாணப் பதிவு எங்கும் இல்லை, ஆனால் கல்யாணம் எப்போது நடந்தது என்று தெரிந்துவிட்டது. அவர் பிறந்த ஆண்டின் கடைசி வரம்பும், ஊழியராக வந்திருந்தால் ஒப்பந்தம் முடிந்த ஆண்டும் அதே வரியிலிருந்து கிடைக்கின்றன. எல்லா ஆண்டுகளையும் பாருங்கள். ஓர் ஆண்டை மட்டும் பார்த்தால் வெறும் பெயர்தான்.

இறந்த பிறகு வரும் காகிதங்கள்

உயிலில் ‘என் அன்பு மனைவிக்கு’ என்று பெயரில்லாமல் எழுதியிருப்பார். அவர் படுத்த கட்டிலும் படுக்கையும், சேணம், ராட்டை, ஒரு பசு, வீட்டில் ஓர் அறை, மகன் ஆண்டுதோறும் அளக்கவேண்டிய கோதுமை. மூத்த மகனுக்கு 5 ஷில்லிங் என்றிருந்தால் கோபத்தில் விலக்கிவிட்டார் என்று கதை கட்டாதீர்கள். அவருக்கு நிலத்தை முன்பே எழுதிக் கொடுத்திருக்கலாம். உயில் இல்லாமல் இறந்தால் அன்றைய பென்சில்வேனியாவில் விதவைக்கு மூன்றில் ஒரு பங்கு, மூத்த மகனுக்கு மற்றப் பிள்ளைகளைவிட இரட்டைப் பங்கு. வர்ஜீனியாவில் 1785இன் சட்டம் வரும் வரை நிலம் முழுதும் மூத்தவருக்கே போகும். அதனால் அங்கே உயிலில் மூத்தவர் பெயரே இல்லாமல் இருப்பதுண்டு.

தகப்பன் இறந்து மைனர் பிள்ளைகள் இருந்தால் அனாதைகள் நீதிமன்றத்துக்குப் போங்கள். தாய் உயிரோடிருந்தாலும் தகப்பன் இல்லாத பிள்ளை அங்கே அனாதைதான். 14 வயது நிறைந்த பிள்ளை தன் கார்டியனைத் தானே தேர்ந்தெடுக்கும். அதற்குக் குறைந்த வயதுப் பிள்ளைக்கு நீதிமன்றம் நியமிக்கும். யார் தேர்ந்தெடுத்தார், யாருக்கு நியமித்தார்கள் என்பதிலிருந்து வயதைக் கணக்கிடலாம். பாகப்பிரிவினையும் அங்கேயே நடக்கும். ஊரைவிட்டுப் போன பிள்ளைகள் தங்கள் பங்கை விற்று விடுதலைப் பத்திரம் எழுதும்போது, இப்போது எங்கே வசிக்கிறோம் என்று எழுதியாக வேண்டும். எங்கள் பத்திரத்தில் ‘வர்ஜீனியா காலனி, அகஸ்டா கவுண்டி’ என்று இருந்தது. தெற்கே போனவர் மூதாதையின் சகோதரர் இல்லை, இரண்டாவது மகன்! ஷெனண்டோவா பள்ளத்தாக்குக்கு வண்டிப்பாதையில் இறங்கிப் போன ஆயிரக்கணக்கானோரில் ஒருவர். சம்பந்தியம்மாவின் மாமியார் எழுதிய மூன்று சகோதரர்களில் ஒருவரின் வரலாறு ஒரு தலைமுறை நகர்ந்திருந்தது, அவ்வளவுதான்.

உடைமைப் பட்டியலைக் கடைசி வரி வரை படியுங்கள். தறி, ஆளிச்செடியைச் சீவும் சீப்பு, ஒரு பைபிள், ஏர், இரண்டு குதிரை என்று வந்தது. அதற்கடுத்த வரியில் ‘கறுப்பினச் சிறுமி ஒன்று’. இரண்டு குதிரைகளையும் சேர்த்தால் வரும் தொகையைவிட அவளுக்கு எதிரே இருந்த தொகை அதிகம். பெயர் இல்லை. பென்சில்வேனியா 1780இல் அடிமைமுறையைப் படிப்படியாக ஒழிக்கும் சட்டம் போட்டபோது, அடிமைகளை வைத்திருந்தவர்கள் நவம்பர் 1க்குள் அவர்களது பெயரையும் வயதையும் பதிவு செய்ய வேண்டும் என்றது. அந்தப் பதிவேட்டில் மூத்த மகன் பெயருக்கு எதிரே, வயது பொருந்துகிற ஒரு பெண்ணின் பெயர் இருக்கிறது. சம்பந்தியம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் தயங்கினேன். அவர் கேட்டுவிட்டு, “இதையும் எழுதுங்கள்” என்றார். பேத்தியின் மரத்தில் அந்தப் பெயரும் இருக்கிறது, கிளையில் அல்ல, அந்த வீட்டின் பெட்டிக்குள். நீங்களும் கண்டால் மறைக்காதீர்கள். அந்தப் பெண்ணின் வழிவந்தோர் யாரேனும் எங்கோ இருந்து அதே வரியைத் தேடிக்கொண்டிருக்கக்கூடும்.

ஏமாற்றும் சொற்கள்

ஆங்கில உறவுச் சொற்கள் ஏற்கெனவே ஏழ்மையானவை. 18ஆம் நூற்றாண்டில் அவை குழப்பமும் சேர்ந்தவை. ‘கசின்’ என்று எழுதியிருப்பவர் அண்ணன் மகனாக இருக்கலாம். ‘சன்-இன்-லா’ மருமகனாகவும் இருக்கும், மனைவியின் முதல் கணவருக்குப் பிறந்த மகனாகவும் இருக்கும். ‘சீனியர், ஜூனியர்’ என்பது ஒரே ஊரில் ஒரே பெயருள்ள இருவரில் மூத்தவர், இளையவர் என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லாது. அப்பா மகன் என்று முடிவுகட்டாதீர்கள். ‘இன்ஃபன்ட்’ என்றால் தொட்டில் குழந்தை அல்ல, 21 நிறையாதவர்.

தேதியிலும் வலை உண்டு. 1752க்கு முன் ஆண்டு மார்ச் 25இல் பிறந்தது. பிப்ரவரி 1743/4 என்று இரட்டையாக எழுதியிருந்தால் (அன்றைய கணக்கில் 1743, இன்றைய கணக்கில் 1744) அப்படியே படியெடுங்கள். குவேக்கர்களின் ‘முதல் மாதம்’ அதுவரை மார்ச். நாட்காட்டியை மாற்றியதால் 1752 செப்டம்பரில் 2ஆம் தேதிக்கு மறுநாள் 14ஆம் தேதி.

பெயரின் எழுத்துக்கூட்டலைப் பற்றி நமக்கு யாரும் பாடம் நடத்தவேண்டாம். என் பெயர் பாஸ்போர்ட்டில் ஒருவிதம், ஓய்வூதியப் புத்தகத்தில் ஒருவிதம். அல்ஸ்டர் உச்சரிப்பைக் கேட்டு எழுதியவர் ஆங்கிலேயராகவோ ஜெர்மானியராகவோ இருந்தார். மெக்கீ, மக்கீ, மேக்கி எல்லாம் ஒரே வீடாக இருக்கலாம். ‘மெக்’ என்ற முன்னொட்டை விட்டுவிட்டு அடுத்த எழுத்திலும் தேடுங்கள். இப்போது ஃபேமிலிசர்ச் என்ற குடும்ப வரலாற்று இணையதளத்தில் கையெழுத்துப் பத்திரங்களின் முழு வாசகத்துக்குள்ளும் தேடும் வசதி இருக்கிறது. அதில் மூதாதையின் பெயரைவிட, அவர் நிலத்தின் அருகே ஓடும் ஓடையின் பெயரைப் போட்டு நான் அதிகம் கண்டெடுத்தேன்.

பெயரிடும் வழக்கமும் ஒரு துப்பு. முதல் மகனுக்குத் தந்தைவழித் தாத்தாவின் பெயர், இரண்டாவது மகனுக்குத் தாய்வழித் தாத்தாவின் பெயர், மூன்றாமவனுக்கு அப்பாவின் பெயர்; முதல் மகளுக்குத் தாய்வழிப் பாட்டியின் பெயர். பெயரன்தான் பேரன் ஆனான் என்று தெரிந்த நமக்கு இது புதிதா? ஆனால் துப்பு வேறு, சாட்சி வேறு. எல்லோரும் இந்த முறையைப் பின்பற்றவில்லை.

அயர்லாந்துக்குக் கடைசியில் போங்கள்

இங்கே செய்யவேண்டியதை முடிக்காமல் அங்கே போனால் கடலில் ஊசி தேடுவதுதான். அயர்லாந்தில் முகவரியின் கடைசி அலகு டவுன்லாண்ட். அவை 60,000க்கு மேல். அந்தப் பெயர் கல்லறையிலோ உயிலிலோ கடிதத்திலோ கிடைக்க வேண்டும். பென்சில்வேனியாவில் டோனகல், டெர்ரி, ஆன்ட்ரிம், டைரோன், ஃபெர்மானா என்றெல்லாம் ஊர்கள் உண்டு. அங்கே வசித்தவர் அதே பெயருள்ள அயர்லாந்துக் கவுண்டியிலிருந்து வந்தார் என்று எண்ணிவிடாதீர்கள். நான் எண்ணினேன்.

1922 ஜூன் 30இல் டப்ளினில் உள்நாட்டுப் போரின்போது ஃபோர் கோர்ட்ஸ் கட்டடத்தில் இருந்த பொது ஆவணக் காப்பகம் எரிந்தது. உயில்கள், தேவாலய ஏடுகள், பழைய கணக்கெடுப்புகள் பெரும்பாலும் சாம்பல். மிஞ்சிய படிகளைத் திரட்டி 2022இல் இணையத்தில் ஒரு மெய்நிகர் கருவூலமாகத் திறந்திருக்கிறார்கள், இலவசம். 1740ஆம் ஆண்டுப் புராட்டஸ்டன்டு வீட்டுக்காரர் பட்டியல், 1766ஆம் ஆண்டு மதக் கணக்கு ஆகியவற்றின் மிச்சங்களைப் பாருங்கள். 1796ஆம் ஆண்டு ஆளி பயிரிட்டோர் பட்டியல், பின்தங்கிய உறவினரைப் பிடிக்க உதவும். எரியாமல் தப்பியது டப்ளின் பத்திரப்பதிவகம். 1708 முதல் இருக்கிறது. இதைக் கேட்டதும் எனக்கு உண்டான பெருமிதத்தை வீட்டில் யாரும் புரிந்துகொள்ளவில்லை. பண்ணைக் குத்தகைகள் பெல்பாஸ்டில் உள்ள வட அயர்லாந்துப் பொது ஆவணக் காப்பகத்தில் நிறைய இருக்கின்றன. அந்தக் குத்தகைகளில் ‘மூன்று ஆயுள்’ என்று ஒரு வகை. பெயர் சொன்ன மூவரில் கடைசி ஆள் சாகும் வரை குத்தகை செல்லும். அதனால் குத்தகைக்காரர் தன் சிறு பிள்ளைகளின் பெயரையும் வயதையும் எழுதுவார். பிற்பாடு பண்ணைக் கணக்கர் அந்தப் பெயருக்கு எதிரே ‘அமெரிக்காவில்’ என்று குறித்து வைத்திருந்தால், உங்கள் ஆறு மாத வேலை ஒரே வரியில் முடிந்தது.

மரபணுச் சோதனையைப் பற்றிக் கேட்பீர்கள். ஏழு தலைமுறைக்கு முந்தைய 128 பேரில் ஒருவரிடமிருந்து சராசரியாக நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவாகத்தான் நமக்கு வந்திருக்கும். சாதாரணச் சோதனை அந்தத் தொலைவில் தடுமாறும். தகப்பன் வழியாக மட்டும் வரும் ஒய் குரோமோசோம் சோதனைதான் இதற்கு ஏற்றது. மாப்பிள்ளை கன்னத்தில் பஞ்சைத் தேய்த்து அனுப்பினார். அகஸ்டா வழியில் வந்த ஒரு குடும்பத்தோடு பொருந்தியது. காகிதம் ஏற்கெனவே சொன்னதைத்தான் அதுவும் சொன்னது.

மூன்றாவது சகோதரரைப் பற்றி இன்னும் ஒன்றும் இல்லை. கவுண்டி ஆன்ட்ரிமில் ஒரு பண்ணையின் குத்தகை ஏட்டில் பொருந்துகிற குடும்பப் பெயர் ஒன்று இருக்கிறது, மூன்று ஆயுள், மூன்று பையன்கள். இரண்டு பெயர்கள் ஒத்துப்போகின்றன. அந்தப் பக்கத்தின் நகலுக்குப் பணம் கட்டியிருக்கிறேன். சம்பந்தியம்மா இப்போது காலையில் காப்பியோடு வந்து தபால் பெட்டியைப் பார்த்தாயிற்றா என்று கேட்கிறார்.